தேவாலாவின் தங்கத்தை மழை என்ன செய்தது?

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், தமிழகத்தின் மழைப் பட்டியலில் மேல் வரிசைக்கு வரும் பெயர்கள் நமக்கு மனப்பாடம்: சின்னக்கல்லாறு, அவலாஞ்சி, பந்தலூர், தேவாலா. அந்தப் பட்டியலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பந்தலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் ஒரு கல்லின் படத்தை அனுப்பியிருந்தார். வெள்ளைக் கல், அதில் துரு நிறத்தில் சின்னச் சின்னக் குழிகள், சில குழிகள் அச்சில் வார்த்தது போலச் சதுரமாக. கூடவே ஒரு கேள்வி: "எங்க ஊர்ல வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்கக் குழி நிறைய இருக்கு சார். தங்கம் இருந்துச்சுன்னா ஏன் விட்டுட்டுப் போனான்? இல்லைன்னா எதுக்குத் தோண்டினான்?"

கேட்ட கேள்விக்குப் பதில் அவர் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது, அந்தச் சதுரக் குழிகளில். அதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்று கூடலூர், பந்தலூர் வட்டங்களாக இருக்கும் பகுதி அன்று தென்கிழக்கு வயநாடு. 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்து, பிறகு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. ஆங்கிலேயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பணியர், குறும்பர் என்ற பழங்குடி மக்கள் இங்கே ஓடை மணலை மரத்தட்டில் அரித்துத் தங்கம் எடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அரிசி அரிக்கும்போது கல் பாத்திரத்தின் அடியில் நின்றுவிடுகிறதே, அதே வித்தைதான். மணலை விடத் தங்கம் ஏழு மடங்கு கனமானது, அதனால் தண்ணீர் மணலைத் தூக்கிச் சென்றாலும் தங்கத்தை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது. ஓடையில் பொடியாக வந்தால் மேலே மலையில் தாய்ப்பாறை இருக்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்களுக்கு வெகுநாளாக ஒரு கண். 1874-ல் ஆல்ஃபா என்ற கம்பெனி தேவாலாவில் பாறையை உடைக்கத் தொடங்கியது. அதே காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் வந்து இந்தப் பகுதியை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

பெரிய கூத்து நடந்தது அதற்குப் பிறகு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் பிரோ ஸ்மித்தை அரசாங்கம் 1879-ல் அழைத்து வந்தது. அவர் மலை முழுக்க அலைந்து, குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல் தரைக்கு வெளியே தலைநீட்டிய இடங்களிலெல்லாம் மாதிரி எடுத்துச் சோதித்து, நம்பிக்கை தரும் ஓர் அறிக்கையை 1880-ல் கொடுத்தார். அவ்வளவுதான், லண்டன் பங்குச் சந்தை வயநாட்டைப் பிடித்துக்கொண்டது. சில மாதங்களுக்குள் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள், காகிதக் கணக்கில் சுமார் 40 லட்சம் பவுண்டு மூலதனம். காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் விழுந்து நொந்துபோயிருந்த தோட்டக்காரர்களுக்கு இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தோட்டத்தைத் தங்க நிலம் என்று நல்ல விலைக்கு விற்றார்கள். முதலீட்டில் பெரும்பகுதி நிலத்துக்கும் இடைத்தரகர்களுக்குமே போய்விட்டது. பந்தலூரில் பங்களாக்களும் கடைகளும் முளைத்தன. கல்லை இடிக்கும் பெரிய பெரிய இரும்பு உலக்கை இயந்திரங்கள் மலைப்பாதையில் மாட்டுவண்டிகளில் ஏறின. ஏறி, பொருத்தி, கல்லை இடித்துப் பார்த்தபோது கிடைத்தது டன்னுக்குச் சில கிராம். 1882 வாக்கில் பெரும்பாலான கம்பெனிகள் மூட்டை கட்டிவிட்டன. 1901-ல் ஹேடன், ஹாட்ச் என்ற இரண்டு வல்லுநர்கள் மறுபடியும் முழுமையாக ஆராய்ந்தார்கள், இலாபகரமாக எடுக்க வழியில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள்.

இந்தக் கதையை எழுதுபவர்கள் வழக்கமாக இதை ஒரு பங்குச் சந்தை மோசடியாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். மோசடி இருந்தது உண்மை. ஆனால் மேலே எடுத்த மாதிரிக் கல்லில் தங்கம் இருந்ததும் உண்மைதானே? நேர்மையான ஆள், சரியான முறையில் சோதித்தாலும் ஏமாந்துதான் இருப்பார். ஏனென்றால் அங்கே முதல் கலப்படக்காரன் மழை.

எப்படி என்று பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பூமிக்கு ஆழத்தில் சூடான நீர் பாறை வெடிப்புகளில் ஏறி வரும்போது அதில் கரைந்திருந்த சிலிக்கா வெள்ளைக் குவார்ட்ஸாகப் படிகிறது. கூடவே இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகப் படிகிறது. பைரைட்டைப் பார்த்திருப்பீர்கள், பித்தளை நிறத்தில் மினுமினுக்கும், பெரும்பாலும் கச்சிதமான கனசதுரங்களாக வளரும். தங்கம் என்று நினைத்துப் பலர் ஏமாந்த கல். ஆனால் அதற்குள் நிஜத் தங்கமே ஒளிந்திருக்கலாம். தங்கத்துக்குக் கந்தகத்தோடு நல்ல ஒட்டு. அதனால் படியும்போது மிக மிகச் சிறிய துகளாக, சில நேரம் நுண்ணோக்கியில்கூடத் தெரியாத அளவில், பைரைட் படிகத்துக்கு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து, மேலே இருந்த மண்ணும் கல்லும் அரிக்கப்பட்டு, மெல்ல மெல்லத் தரை மட்டத்துக்கு வருகிறது. வரும் இடம் தேவாலா. வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். மழைநீர் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வெடிப்புகளில் இறங்குகிறது. பைரைட் துருப்பிடிக்கத் தொடங்குகிறது.

சாதாரண இரும்புத் துரு மாதிரி இல்லை இது. பைரைட்டில் இரும்புக்குக் கூட்டாளியாகக் கந்தகம் இருப்பதால், துருப்பிடிக்கும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பக்கத்துப் பாறையைக் கரைக்கிறது, புது வழி திறக்கிறது, இன்னும் தண்ணீர் இறங்குகிறது. இதோடு நிற்காமல் இந்த அமிலத்தில் வாழ்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு பாக்டீரியா உண்டு, பெயர் அசிடிதயோபேசிலஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். நாம் சோறு சாப்பிடுவது போல அது இரும்பிலிருந்து எலக்ட்ரானை எடுத்து உயிர் வாழ்கிறது. அமில நீரில் இரும்பு தானாக ஆக்சிஜனேற்றம் அடைய ஆண்டுக்கணக்கில் ஆகும், இந்தப் பாக்டீரியா அந்த வேகத்தைப் பத்து லட்சம் மடங்கு வரை கூட்டிவிடுகிறது. பாறைக்குள்ளே, இருட்டில், அமிலத்தில், இரும்பைத் தின்று வாழும் ஒரு உயிர்! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, இவ்வளவும் நடக்கும்போது தங்கம் என்ன செய்கிறது? கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. அதற்குத் துருப்பிடிக்காது, கந்தக அமிலத்தில் கரையாது. குவார்ட்ஸும் கரைவதில்லை. நடுவில் இருந்த பைரைட் மட்டும் போய்விடுகிறது. கரையான் கதவை முழுக்கத் தின்றுவிட்டு ஆணியை மட்டும் விட்டுவைக்குமே, அப்படி. கனசதுரப் படிகம் இருந்த இடத்தில் கனசதுரக் குழி, அதன் அடியில் கொஞ்சம் துருப்பொடி, அந்தத் துருவுக்குள் இதுவரை சிறைப்பட்டிருந்த தங்கத் துகள் விடுதலையாகிக் கிடக்கிறது. வாசகர் அனுப்பிய கல்லில் தெரியும் சதுரங்கள் இவைதான்.

இதில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது, செறிவு கூடுகிறது. கணக்குக்காக ஒரு டன் பாறையில் 3 கிராம் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைரைட்டும் மற்ற கரையக்கூடிய கனிமங்களும் கரைந்து வெளியேறி மூன்றில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சுகிறது என்றால், அதே 3 கிராம் இப்போது சுமார் 330 கிலோவில் இருக்கிறது. சோதனைக்காரர் அதைத் தராசில் வைத்து டன்னுக்கு 9 கிராம் என்று எழுதுவார். அவர் எழுதியது பொய் இல்லை. அந்தக் கல்லுக்கு அது சரி. பத்து மீட்டருக்குக் கீழே இருக்கும் கல்லுக்கு அது சரி இல்லை, அவ்வளவுதான். இதற்கு மேல், மலைச்சரிவில் லேசான மண் வழிந்தோடிவிட, கனமான தங்கம் பின்தங்கிவிடும், அதனால் மேல்தோலில் செறிவு இன்னும் ஏறும். போதாததற்கு, தங்கம் "கிட்டத்தட்ட" ஒன்றும் செய்வதில்லை என்று சொன்னேனே, அந்தக் கிட்டத்தட்டவிலும் ஒரு அழகு இருக்கிறது. இயற்கைத் தங்கத்தில் எப்போதும் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும். நீண்ட காலம் மண்நீரில் ஊறும்போது துகளின் வெளிப்புறத்திலிருந்து வெள்ளி கரைந்து போய்விடும், சில இடங்களில் துளியூண்டு தங்கமும் கரைந்து மறுபடி படியும். ஆகவே வெதுவெதுப்பான மழை நாடுகளில் கிடைக்கும் தங்கத் துகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி கலந்த தங்கம், வெளியே ஒரு மெல்லிய தோல் போலச் சுத்தத் தங்கம். ஆசாரி உரைகல்லில் தேய்த்தால் மாற்று கூடுதலாகக் காட்டும் பக்கம் அந்தத் தோல்.

இரண்டாவது காரியம்தான் கம்பெனிகளைக் கவிழ்த்தது. அன்று தங்கம் பிரித்த முறை பாதரசம். இடித்த கல்மாவைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓட விடுவார்கள். தங்கத் துகள் பாதரசத்தைத் தொட்டதும் அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் மிஞ்சும். (அந்த ஆவியைச் சுவாசித்த கூலிகளின் நரம்பும் சிறுநீரகமும் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தக் கம்பெனியின் கணக்கிலும் தேட வேண்டியதில்லை.) இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: தங்கம் பாதரசத்தைத் தொட வேண்டும். துருப்பிடித்த மேல்பகுதிக் கல்லில் தங்கம் வெளியே கிடக்கிறது, தொடும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் இல்லை, பைரைட் துருப்பிடிக்கவில்லை, புதுப் பித்தளை மாதிரி பளபளவென்று இருக்கிறது, தங்கம் இன்னும் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு இடித்தாலும் பாதரசம் தொடுவது பைரைட்டின் தோலைத்தான். போதாக்குறைக்கு சல்பைடுகள், அதாவது பைரைட் போன்ற கந்தகக் கனிமங்கள், பாதரசத்தின் மேல் ஆடை போலப் படிந்து அதைப் பொடிப்பொடி முத்துக்களாகச் சிதறடித்துவிடும், சிதறிய பாதரசம் தன்னோடு ஒட்டிய கொஞ்சத் தங்கத்தையும் எடுத்துக்கொண்டு ஓடையில் போகும்.

ஆக, இறங்க இறங்கத் தங்கத்தின் அளவும் குறைந்தது, இருந்ததைப் பிரிக்கவும் முடியவில்லை. ஒரே வேதிவினை மேலே அள்ளிக் கொடுத்து, அது எட்டாத ஆழத்தில் கையை விரித்துவிட்டது. சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறைக்கு மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்றது 1887-ல். வயநாட்டுக் கம்பெனிகள் அதற்கு ஐந்து வருடம் முன்பே செத்துப்போயிருந்தன. வந்திருந்தாலும் எல்லாம் மாறியிருக்காது, பைரைட்டுக்குள் பூட்டிய தங்கத்தை எடுக்க முதலில் அதை வறுத்துக் கந்தகத்தை ஓட்ட வேண்டும், டன்னுக்குச் சில கிராமுக்கு அந்த விறகுச் செலவு கட்டாது.

அதே 1880-களில், அதே லண்டன் முதலீட்டில், கோலாரிலும் தோண்டினார்கள். அங்கேயும் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்து, கடைசிக் காசில் இன்னும் கொஞ்சம் ஆழம் போனபோது சாம்பியன் என்ற தங்கப் படிவம் கிடைத்தது. அந்தப் படிவத்தில் சல்பைடு குறைவு, தங்கம் குவார்ட்ஸில் தனியாகவே இருந்தது, ஆழத்திலும் செறிவு குறையவில்லை. விளைவு, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, 2001 வரை ஓடி, மொத்தம் 800 டன் அளவுக்குத் தங்கம். தலைமுறை தலைமுறையாக அதில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். தேவாலா இரண்டே வருடத்தில் முடிந்த கதை, கோலார் 120 வருடக் கதை. மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மேல்மண் மாதிரியை நம்பாதே, துளையிட்டு ஆழத்துப் பாறையை எடுத்துப் பார் என்பதுதான் 19-ஆம் நூற்றாண்டின் இந்தப் பண நாசத்திலிருந்து கிடைத்த அறிவு. அப்படித் துளையிட்டு எடுக்கும் உருளைக் கற்களைப் பத்திரமாக அடுக்கி வைப்பது, வரைபடம் போடுவது, பத்து வருடம் கழித்து வேறொரு மாணவர் வந்து அதே கல்லை வேறு கருவியில் பார்ப்பது, இவையெல்லாம் செய்தித்தாளில் வராத வேலைகள். ராக்கெட் போனால் நாம் கைதட்டுகிறோம், தட்டவும் வேண்டும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் பாறைகளை வெட்டி மெருகேற்றும் இயந்திரம் பழுதாகி, சரிசெய்யப் பணம் ஒதுக்காமல் மூன்று வருடம் மூலையில் கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தங்க நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு ஆகும் செலவில் அதைச் சரிசெய்திருக்கலாம். தங்கத்தின் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கும் ஊரில், தங்கம் எப்படி உண்டாகிறது என்று படிக்கும் பிள்ளைக்கு ஒரு கல் வெட்டும் இயந்திரம் தர மனமில்லாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக, பூதம். வாசகர் இரண்டாவது கடிதத்தில் இதையும் கேட்டிருந்தார். பழைய குழிகளில் இறங்கியவர்கள் சிலர் திரும்பி வரவில்லை, உடம்பில் காயமும் இல்லை, உள்ளே தங்கத்தைக் காக்கும் பூதம் அடிக்கிறது என்று ஊரில் பேச்சாம், இறங்கும் முன் கோழி அறுத்துப் பூசை போடுகிறார்களாம். புதையல் என்றால் பூதம் என்பது நம் ஊர்க் கதைகளில் பழையது. ஆனால் இந்தப் பூதத்தை எனக்கு நன்றாகத் தெரியும், இவ்வளவு நேரம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சுரங்கம் வெட்டியவர்கள் நீர்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜனே பார்க்காமல் இருந்த புது பைரைட்டுக்குக் காற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது அன்றிலிருந்து துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு கிலோ பைரைட் முழுக்கத் துருவாக மாற, சரியாக அதே ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். சமன்பாட்டை எழுதி அணு எடைகளைக் கூட்டிப் பாருங்கள், இரண்டும் கச்சிதமாகச் சமமாக வரும். ஒரு கிலோ ஆக்சிஜன் என்பது சுமார் மூன்றரை கன மீட்டர் காற்றில் இருக்கும் மொத்த ஆக்சிஜன். ஒரு ஆள் குனிந்து போகும் சுரங்க வழியில் இரண்டு மீட்டர் நீளம் அவ்வளவுதான் பிடிக்கும். காற்று மாறாத முட்டுச் சந்தாக இருந்தால், சுவரில் இருக்கும் கைப்பிடி அளவு பைரைட் ஒரு மழைக்காலத்தில் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால் உடம்பு எச்சரிக்காது. நமக்கு மூச்சு முட்டும் உணர்வைத் தருவது இரத்தத்தில் கூடும் கரியமில வாயு, ஆக்சிஜன் குறைவதை மூளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வெறும் நைட்ரஜன் மிஞ்சிய காற்றில் மூச்சு சுலபமாகவே போய் வரும், வாசனை கிடையாது, தலை லேசாகும், கால் மடங்கும். காற்றில் வழக்கமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 10-க்குக் கீழே போனால் நினைவு தப்பும், 6-க்குக் கீழே போனால் சில நிமிடங்கள்தான். முதல் ஆள் விழுந்ததைப் பார்த்து இரண்டாவது ஆள் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார். பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வருடந்தோறும் நாம் பார்க்கும் அதே சாவு. கோழி அறுத்து இறங்கியவர் திரும்பி வந்தால் அன்றைக்குக் குழிக்குள் காற்று ஓடியிருக்கிறது என்று அர்த்தம். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பதுகூடப் போதாது. சுடர் அணைந்தால் நிச்சயம் ஆபத்து, அணையாவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, பத்தடி தள்ளி உள்ளே வேறு காற்று இருக்கலாம். ஐயா, தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம், உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

இனி அந்தக் கல்லைப் பற்றி. பெரிய சதுரக் குழியின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ மின்னுவதாக எழுதியிருக்கிறீர்கள். சுற்றிலும் எல்லாம் துருவாகிவிட்டதால் அது பைரைட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. மிச்சம் இரண்டே சந்தேகம், தங்கம் அல்லது மைக்கா எனப்படும் அப்பிரகம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு தையல் ஊசி போதும். ஊசி முனையால் மெல்ல அழுத்துங்கள். செதில் செதிலாகப் பெயர்ந்தால் அப்பிரகம். நொறுங்கிப் பொடியானால், என் கணிப்பு தப்பு, பைரைட்தான். பெயராமல், நொறுங்காமல், ஊசி பட்ட இடத்தில் சின்னப் பள்ளம் மட்டும் விழுந்தால் எனக்கு இன்னொரு படம் அனுப்புங்கள், வெயிலில் வைத்து, குழியின் உள்பக்கம் தெரிகிற மாதிரி.